கோயில் கதவு மூடியிருக்கும்போது சபையை நடத்துவது எப்படி? புதிதாகப் பொறுப்புக்கு வந்தவர்களுக்கு

நீங்கள் இப்போதுதான் சபையை நிர்வகிக்கும் பாஸ்டரேட் கமிட்டிக்கு வந்திருக்கலாம், கத்தோலிக்கர் என்றால் பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழுவான அன்பியத்தில் பொறுப்பேற்றிருக்கலாம், அல்லது வாலிபர் சங்கத்தில் செயலாளர் ஆகியிருக்கலாம். 2020-ல் கோவிட் ஊரடங்கில் நடந்ததைச் சபையில் ஒருவராகப் பார்த்திருப்பீர்கள். நடத்தும் இடத்தில் இருந்திருக்க மாட்டீர்கள். அடுத்த முறை ஒரு தொற்று வந்தால் முதல் போன் உங்களுக்குத்தான் வரும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் அன்று நடந்ததை நினைவில் வையுங்கள். ஊரடங்கு 2020 மார்ச் 25-ல் தொடங்கியது, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்துகாலத்தின் நடுவில். குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 5, பெரிய வெள்ளி ஏப்ரல் 10, ஈஸ்டர் ஏப்ரல் 12. மூன்றுமே மக்கள் இல்லாத கோயில்களில்தான் நடந்தன. சென்னையில் எல்லா வழிபாட்டுத் தலங்களும் திரும்பத் திறந்தது செப்டம்பர் 1-ல். அடுத்த ஆண்டு ஏப்ரல் 26-ல் மறுபடி மூடி, ஜூலை 5-ல் திறந்தார்கள். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் பாதிவரை வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் அனுமதி கிடையாது. ஞாயிறுதான் நம்முடைய நாள் என்பதால் நமக்கு அது முழுதாக மூடியதற்குச் சமம். 2022 ஜனவரியிலும் அதேதான். ஆக, மூடுவது, திறப்பது, பாதி திறப்பது, மறுபடி மூடுவது என்று இழுத்துக்கொண்டே போகும் ஒன்றுக்குத்தான் நீங்கள் திட்டமிட வேண்டும். 'ரெண்டு வாரம் சமாளிச்சா போதும்' என்று நினைத்துத் தொடங்கும் ஏற்பாடு மூன்றாவது மாதத்தில் ஆள் இல்லாமல் நின்றுவிடும்.

1. கேமராவுக்கு முன்பே பட்டியல்

ஊரடங்கு அறிவித்ததும் எல்லோரும் முதலில் தேடுவது ட்ரைபாடும் மைக்கும்தான். வேண்டாம், அது அடுத்த வாரம் பார்க்கலாம். முதல் மூன்று நாளும் பெயர்ப் பட்டியலுக்குக் கொடுங்கள்.

'சந்தா ரெஜிஸ்டர் இருக்கே' என்பார்கள். சபைக்குச் சந்தா கட்டுகிறவர்களின் பதிவேடு அது, அதில் குடும்பத் தலைவர் பெயர்தான் இருக்கும். வேளச்சேரியில் பி.ஜி.யில் தங்கி வேலை பார்க்கும் நாகர்கோவில் பெண் அதில் இருக்க மாட்டார். பிள்ளைகள் மூவரும் வெளிநாட்டில் இருக்க, அண்ணாநகர் அடுக்குமாடியில் தனியாக இருக்கும் பாட்டியின் பெயர் இருக்கும், ஆனால் அவர் தனியாக இருக்கிறார் என்பது இருக்காது. கோயிலைப் பெருக்கும் அம்மா, வாட்ச்மேன், பின்வரிசையில் வந்து உட்கார்ந்து, கடைசி ஆசீர்வாதமான பெனடிக்‌ஷன் முடிந்ததும் கிளம்பிவிடும் ஆட்டோ டிரைவர், இவர்கள் யாரும் சந்தாதாரர்கள் இல்லை. இவர்களுக்குத்தான் முதலில் கை நீட்ட வேண்டியிருக்கும்.

பட்டியலில் இவை வேண்டும்: பெயர், வயது, வீட்டில் கூட யார் இருக்கிறார்கள், இப்போது குடியிருக்கும் தெரு, ஸ்மார்ட்போனா பட்டன் போனா, தினமும் சாப்பிடும் மாத்திரைகள், டயாலிசிஸ் அல்லது கீமோ போகிறவரா, வருமானம் தினக்கூலியா மாதச் சம்பளமா, அவசரத்துக்குக் கூப்பிட ஓர் எண். காகிதத்தில் எழுதி இருவரிடம் இருக்கட்டும், ஆயர் அல்லது பங்குத்தந்தை ஒருவர், செயலாளர் ஒருவர். இதை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். யாருக்குப் புற்றுநோய், யார் வீட்டில் வருமானம் இல்லை என்பது நானூறு பேர் கைப்பேசியில் சுற்றக் கூடாது.

2. ஆறு வீட்டுக்கு ஒருவர்

கத்தோலிக்கப் பங்குகளுக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது, அன்பியங்கள் இருக்கின்றனவே. சி.எஸ்.ஐ., மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளில் பகுதி ஜெபக்குழுக்கள் இருக்கும். ஆனால் அந்தப் பிரிவு பழையதாக இருந்தால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரம்பூரிலும் அயனாவரத்திலும் இருந்த ரயில்வே குடும்பங்கள் எத்தனையோ இன்று ஆவடி, அம்பத்தூர், திருநின்றவூர் பக்கம் போய்விட்டன. ஞாயிறு மட்டும் பழைய கோயிலுக்கு வருகிறார்கள். இன்றைய முகவரியை வைத்துப் பிரியுங்கள். பஸ் ஓடாத நாளில், நடந்து போய் ஒரு மாத்திரைப் பட்டையைக் கொடுக்கிற தூரத்தில் ஒருவராவது ஒவ்வொரு குழுவிலும் இருக்க வேண்டும்.

பிறகு, ஐந்தாறு வீட்டுக்கு ஒருவர் என்று போன் செய்ய ஆள் வையுங்கள். வாரத்துக்கு இருமுறை, அதே ஆள், ஏறக்குறைய அதே நேரம். ஆளை மாற்றிக்கொண்டே இருந்தால் யாரும் மனம் திறக்க மாட்டார்கள்.

இந்த வேலைக்கு ஓய்வு பெற்ற டீச்சர்களைப் போல யாரும் கிடையாது. வீட்டைவிட்டு வெளியே வர முடியாத முதியவர்களையே போன் செய்கிறவர்களாகவும் வையுங்கள். 'எனக்கு யாராவது போன் செய்ய மாட்டார்களா' என்று காத்திருந்தவர், 'நான் ஆறு பேருக்குப் போன் செய்ய வேண்டும்' என்ற பொறுப்போடு காலையில் எழுந்திருப்பார். அவருக்கும் நல்லது, அந்த ஆறு வீட்டுக்கும் நல்லது.

என்ன கேட்பது? இதுதான் இந்த வழிகாட்டியில் நான் மிக முக்கியமாக நினைக்கும் பகுதி. 'எப்படி இருக்கீங்கம்மா?' என்று கேட்டால் 'கர்த்தர் கிருபையில சுகமா இருக்கோம்' என்றுதான் பதில் வரும். நம் வீடுகளில் வேறு பதில் சொல்லப் பழக்கமில்லை. அதனால் குறிப்பாகக் கேளுங்கள். 'இன்னிக்கு மதியம் என்ன சமைச்சீங்க?' 'சுகர் மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கு?' 'கேஸ் புக் பண்ணியாச்சா?' 'பையனுக்குச் சம்பளம் வந்துச்சா?' 'ராத்திரி தூங்குறீங்களா?' மூன்று நாளாக ரசம்தான் என்று பதில் வந்தால் அங்கே எண்ணெயும் பருப்பும் தீர்ந்துவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். அதை வெளிப்படையாகக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கேட்டதை எழுதி வையுங்கள். அடுத்த முறை 'போன வாரம் முழங்கால் வலின்னு சொன்னீங்களே' என்று தொடங்கினால், தன்னை ஒருவர் நினைத்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். கடைசியில் சின்னதாக ஒரு ஜெபம், முடிந்தால் ஒரு சங்கீதம். ஜெபம் நீளவே கூடாது. காதில் போனை வைத்துக்கொண்டு இருபது நிமிடம் எண்பது வயதில் யாராலும் இருக்க முடியாது.

சில வீடுகளில் போனில் பேச முடியாத நிலை இருக்கும். அடிக்கிற கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பெண் என்ன சொல்வார்? பெண்களுக்குப் பெண்களே போன் செய்யட்டும். 'ஆமாம், இல்லை' என்று மட்டும் பதில் சொல்கிற மாதிரிக் கேள்விகளைத் தயாராக வைத்துக்கொள்ளட்டும். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. இந்த இரண்டும் போன் செய்யும் ஒவ்வொருவரின் தாளிலும் மேலே எழுதியிருக்க வேண்டும்.

3. ஆராதனை வீட்டுக்குப் போகும் வழிகள்

வழிகள் என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. யூடியூப் நேரலை மட்டும் வைத்தால், தினசரி ஒன்றரை ஜி.பி. டேட்டாவில் இரண்டு பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பையும் ஓட்டும் வீடு விடுபட்டுப்போகும்.

நேரலை வைப்பவர்களுக்கு இரண்டே குறிப்பு. படத்தைவிட ஒலி முக்கியம், ஆகவே செலவு செய்வதானால் சட்டையில் மாட்டும் மைக்குக்குச் செய்யுங்கள். நேரத்தை மாற்றாதீர்கள். காலை எட்டரை ஆராதனை எட்டரைக்கே இருக்கட்டும்.

அதோடு பத்து நிமிட ஒலிப்பதிவு ஒன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்: ஒரு பாட்டு, வேத வாசிப்பு, சுருக்கமான செய்தி, ஜெபம். பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். இதைத் தெரியாமல் 'அனுப்பினோமே' என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டன் போன்காரர்களுக்குக் கான்ஃபரன்ஸ் கால் போடுங்கள். சாதாரணப் போனில் ஐந்து பேர்வரை இணைக்கலாம், அது ஒரு குட்டி ஜெபக்குழுவுக்குப் போதும். கத்தோலிக்க வீடுகளில் கேபிள் இருந்தால் மாதா தொலைக்காட்சியில் திருப்பலி பார்க்கலாம், ஆனால் தங்கள் பங்குத்தந்தையின் குரலுக்கு அது ஈடாகாது. வாரம் ஒரு ஒலிப்பதிவாவது அவரிடமிருந்து வரட்டும். எழுதப் படிக்கத் தெரிந்த முதியவர்களுக்கு ஆராதனை முறையைப் பெரிய எழுத்தில் அச்சடித்து வீட்டு வாசலில் சேர்ப்பது இன்னும் நல்லது. போன் அணைந்தாலும் தாள் இருக்கும்.

ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டித்துவிடும். ஞாயிறு பள்ளிக்கு அதுவே அதிகம், பிள்ளைகளுக்கு 25 நிமிடம் போதும்.

நற்கருணை அல்லது திருவிருந்து பற்றி: வீட்டில் அப்பமும் திராட்சைரசமும் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்து எடுக்கலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். சபைக்குச் சபை இதில் போதனை வேறு. நீங்களாக முடிவெடுக்காமல் பேராயர் அலுவலகத்தின் சுற்றறிக்கைக்குக் காத்திருங்கள், வந்ததும் அதை எளிய தமிழில் மக்களுக்குச் சொல்லுங்கள். எடுக்க முடியாத மாதங்களில் மக்கள் படும் ஏக்கம் உண்மையானது. அதைச் சாதாரணமாக ஒதுக்கிவிடாதீர்கள்.

இதெல்லாம் நம் காலத்துப் புதுமை என்று நினைக்க வேண்டியதில்லை. 1576-ல் இத்தாலியின் மிலான் நகரைக் கொள்ளைநோய் தாக்கி மக்கள் வீட்டுக்குள் அடைக்கப்பட்டபோது, அந்நகரின் பேராயர் சார்லஸ் பொரோமியோ தெருமுனைகளில் பீடங்கள் அமைக்கச் செய்தார். ஜன்னலில் நின்றபடியே மக்கள் திருப்பலியில் பங்கெடுத்தார்கள். உங்கள் பகுதியில் என்ன ஜன்னல் இருக்கிறது என்று பாருங்கள். நாலு மாடிக் குடியிருப்பில் ஆறு குடும்பம் உங்கள் சபை என்றால், விதிகள் அனுமதிக்கும்போது அவரவர் பால்கனியில் நின்று மாலையில் ஒரு பாட்டுப் பாடலாம்.

4. மறுபடி திறக்கும்போது

இங்கே கொயர்காரர்களுக்கு வருத்தம் தரும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2020 மார்ச் 10-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழுவின் பயிற்சிக்கு 61 பேர் வந்தார்கள். அவர்களில் 53 பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். காற்றில் பரவும் நோய் என்றால், மூடிய அறையில் சேர்ந்து பாடுவது ஆபத்தான செயல்களில் ஒன்று. திறந்த முதல் மாதங்களில் ஒருவரோ இருவரோ பாடட்டும், மற்றவர்கள் மாஸ்க்கோடு மெதுவாக.

உயரமான கூரையும் இருபுறமும் கதவுகளும் உள்ள பழைய கோயில்களுக்கு இயல்பாகவே காற்றோட்டம் உண்டு. எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். இரண்டாம் மாடியில் வாடகை ஹாலில் ஏ.சி. போட்டு ஆராதனை நடத்தும் சபைகள்தான் அதிகம் யோசிக்க வேண்டும். ஏ.சி.யை அணைத்து ஜன்னலைத் திறக்க முடியாத ஹால் என்றால், மொட்டைமாடியோ பள்ளி மைதானமோ தேடுங்கள். ஒரே ஆராதனையை மூன்றாகப் பிரித்து, நடுவில் அரைமணி இடைவெளி விடுங்கள். கைகுலுக்குவதற்குப் பதில் கைகூப்பி 'ஸ்தோத்திரம்' சொன்னால் போதும்.

கோயில் திறந்துவிட்டது என்று போன் அழைப்புகளை நிறுத்திவிடாதீர்கள். வராதவர்கள் யார் என்பது அப்போதுதான் தெரியும்.

5. வெளியே செய்யும் உதவி

உதவியைச் சபைக்குள்ளேயே நிறுத்தக் கூடாது. கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டரில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்டறியுங்கள். கட்டுமான இடத்தில் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள், காசிமேட்டில் படகு போகாததால் வருமானம் நின்ற குடும்பங்கள், கண்ணகி நகர், பெரும்பாக்கம், செம்மஞ்சேரியிலிருந்து வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்து, பஸ் நின்றதும் வேலை இழந்த பெண்கள். இந்தி, ஒடியா, வங்காளம் பேசத் தெரிந்தவர் உங்கள் சபையிலேயே இருப்பார். ரயில்வேயிலோ ராணுவத்திலோ வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள்.

அடுத்து, ஏற்கெனவே யார் என்ன கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். பக்கத்தில் அம்மா உணவகம் இயங்கினால் அங்கே சாப்பாட்டுப் பொட்டலம் தேவைப்படாது. உலர் பொருளோ மருந்தோ தேவைப்படலாம். மாநகராட்சியின் வார்டு அலுவலகத்தில் சொல்லிவிட்டே வெளியே போங்கள். 2020 ஏப்ரலில் தனியார் நேரடியாக உணவு வழங்குவதற்குக் கட்டுப்பாடு வந்து, அது உயர் நீதிமன்றம்வரை போனது. அன்றைய விதி என்ன என்று தெரியாமல் வண்டியை எடுத்தால் தன்னார்வலர்கள்தான் நடுத்தெருவில் நிற்க வேண்டிவரும்.

என் விருப்பம் கடைச் சீட்டு. தெருவிலுள்ள மளிகைக் கடைக்காரரிடம் சபை முன்பணம் கட்டிவிட்டு, குடும்பத்துக்கு ஒரு சீட்டு கொடுப்பது. ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கி வரிசையில் நிற்கும் அவமானம் இதில் இல்லை. குழந்தைக்குப் பால் பவுடர் வேண்டியவர் அதை வாங்குவார், நாப்கின் வேண்டியவர் அதை வாங்குவார். சின்னக் கடையும் பிழைக்கும். அதற்கு வழியில்லாத இடத்தில் பை கொடுங்கள். அரிசி, துவரம்பருப்பு, எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், டீத்தூள், சர்க்கரை, சோப்பு, நாப்கின். நாப்கினை மறந்துவிடுகிறோம், கமிட்டியில் ஆண்கள் மட்டும் உட்கார்ந்து பட்டியல் போட்டால் கண்டிப்பாக மறப்போம்.

வாங்குகிறவரின் முகம் தெரிய போட்டோ எடுக்காதீர்கள். பைக்குள் துண்டுப் பிரசுரம் வைக்காதீர்கள். இதற்குச் சபையிலேயே எதிர்ப்பு வரும், 'சுவிசேஷம் சொல்ல இதைவிட நல்ல சமயம் எது' என்பார்கள். பசியில் இருப்பவருக்கு மறுக்கும் உரிமை இல்லாத நேரத்தில் அவர் கையில் எதையும் திணிக்கக் கூடாது என்பது என் உறுதியான நம்பிக்கை. இயேசு சொன்ன உவமையில் நல்ல சமாரியன் குற்றுயிராய்க் கிடந்தவரிடம் முதலில் எண்ணெய் வார்த்துக் காயம்தான் கட்டினார். எந்த மதம், எந்தச் சாதி என்று கேட்காமல் கொடுங்கள், அது போதும்.

வெளியே போகிறவர்கள் இளைஞர்களாக, வேறு நோய் இல்லாதவர்களாக, வீட்டில் வயதானவர்கள் இல்லாதவர்களாக இருக்கட்டும். இருவர் இருவராகப் போகட்டும். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அந்த ஜோடி முழுவதும் வீட்டில். ஆர்வத்தில் 'எனக்கு ஒண்ணும் ஆகாது பிரதர்' என்பவரைக் கட்டாயப்படுத்தியாவது உட்காரவையுங்கள்.

6. நோய் வந்த வீடு

சபையில் நர்ஸ்களும் டாக்டர்களும் இருப்பார்கள். மருத்துவமனையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவர்களுக்கு இன்னொரு ஷிப்ட் கொடுக்காதீர்கள். ஓய்வு பெற்ற நர்ஸ்களைப் போனில் வழிகாட்டக் கேளுங்கள். பல்ஸ் ஆக்சிமீட்டர் நாலைந்து வாங்கிச் சுற்றுக்கு விடுங்கள், கை மாறும்போது துடைத்துவிட்டு. கோவிட் காலத்தில் 94-க்குக் கீழே இறங்கினால் மருத்துவமனை என்பது விதியாக இருந்தது. வருகிற நோய்க்கு அளவு வேறாக இருக்கலாம், அன்றைய அரசு அறிவிப்பைப் பாருங்கள். ஆம்புலன்ஸுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, சென்னை மாநகராட்சிக்கு 1913.

நோய் வந்தது பாவத்தின் தண்டனை என்று யாராவது பேசினால் ஆயர் அன்றே மறுக்க வேண்டும். தடுப்பூசிதான் வேதத்தில் சொன்ன 666, மிருகத்தின் முத்திரை என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தால், சபையின் டாக்டர் ஒருவரை ஐந்து நிமிடம் பேசவைத்துப் பதிவாக அனுப்புங்கள். பிரசங்கத்தைவிட அது வேலை செய்யும்.

7. மரணம்

2020 ஏப்ரலில் கோவிட்டால் இறந்த ஒரு மருத்துவரின் உடலைக் கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்யக் கொண்டுபோனபோது எதிர்ப்பு கிளம்பியது. ஆம்புலன்ஸைத் தாக்கினார்கள். கடைசியில் இரவோடு இரவாக வேறிடத்தில் புதைக்க வேண்டியதாயிற்று. நோயுற்றவர்களுக்காக உழைத்த மனிதருக்கு இந்நகரில் நடந்தது அது. அதன்பின் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, இப்படி அடக்கத்தைத் தடுப்பவர்களுக்கு மூன்றாண்டுவரை சிறை என்று ஆக்கியது.

ஆகவே முன்கூட்டியே செய்யுங்கள். உங்கள் சபையார் எந்தக் கல்லறையைப் பயன்படுத்துகிறார்கள், அங்கே யாரிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், ஆயரின் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்பதை எழுதிவையுங்கள். கல்லறையைச் சுற்றிக் குடியிருப்பவர்களிடம் அமைதியான நாட்களிலேயே டாக்டர் ஒருவரோடு போய்ப் பேசுங்கள், புதைத்த உடலிலிருந்து நோய் பரவாது என்று. குடும்பமே தனிமைப்படுத்தலில் இருந்தால், சபையின் பெயரில் இருவர் குழியருகே நிற்க வேண்டும், ஒருவர் போனைப் பிடித்தபடி.

அடக்கத்துக்குப் பிறகான மாதங்களில்தான் சபை அதிகம் தேவைப்படும். இறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, நிவாரண விண்ணப்பம். கோவிட் மரணத்துக்கு 50,000 ரூபாய் நிவாரணம் இருந்தது. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையை 2021 மே மாதம் தமிழக அரசு அறிவித்தது. இதையெல்லாம் துக்கத்தில் இருக்கும் ஒரு பெண் தனியாக அலைந்து வாங்க முடியாது. படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவரை அந்தக் குடும்பத்துக்கென்றே நியமியுங்கள். ஆராதனையோடு ஒரு நினைவுக்கூட்டமும் பின்னால் வையுங்கள், அன்று கூடி அழ முடியாமல் போனவர்களுக்காக.

8. பணம்

காணிக்கைத் தட்டு சுற்றாவிட்டால் வருமானம் குறையும். முதலில் கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில் பிள்ளை, ஊழியத்தில் உதவும் உபதேசியார், துப்புரவு செய்கிறவர் சம்பளம். கட்டட நிதி காத்திருக்கட்டும். கியூ.ஆர். குறியீடு சபையின் கணக்குக்கே போக வேண்டும், எவருடைய சொந்தக் கணக்குக்கும் கூடாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடைக்காது என்பதைச் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்ப முன்வருவார்கள். இந்தியக் குடிமகனாகவே இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கிவழி அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் பணம் வெளிநாட்டு நன்கொடை, வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.யின்படி பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் வாங்கவே கூடாது. இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருப்பது இதை மாற்றாது. மாதக் கணக்கை வரவு செலவோடு எல்லோருக்கும் அனுப்புங்கள்.

இப்போது தொற்று எதுவும் இல்லை என்றாலும் பட்டியலைத் தொடங்கிவிடுங்கள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் படிவத்தைக் கொடுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்துங்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீருக்குள் சிக்கிய வீடுகளில் யார் தனியாக இருக்கிறார், யாருக்கு இன்சுலின் தேவை என்று தெரிந்துகொள்ளவும் இதே தாள்தான் வேண்டியிருந்தது.